அங்குரி பயாதியின் எதிராளி

அங்குரி பயாதியின் பெயரைக் கேட்டாலே தவராசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தாலியின் பலேர்மோ நகரில் அவருக்குப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். சாமான் ஏற்றும் வேனை நிறுத்த இடம் விடாத சிசிலிக்காரர்கள், ஸ்பீக்கரின் மேல் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கும் தகப்பன்மார், கோயில் விழாவில் மைக் கைக்கு வந்தால் திருப்பித் தராத பிரமுகர்கள். அவர்களையெல்லாம் அன்றைக்கே திட்டித் தீர்த்து அன்றைக்கே மறந்துவிடுவார். அங்குரியை மட்டும் மனதில் வைத்து வருடக்கணக்காகக் கறுவிக்கொண்டு திரிந்தார்.

அவள் வங்காளதேசத்து நாட்டுப் பாட்டுக்காரி. இவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வாரநாட்களில் ஒரு கட்டடத்துக்குக் காவல், சனி ஞாயிறுகளில் ஒலிபெருக்கி. பிரான்காச்சோப் பகுதியில் வாடகைக்கு எடுத்த கராஜ் நிறைய அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளும் வயர்களும்தான். தமிழ்க் கோயில் திருவிழா, பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியச் சடங்கு, வங்காளிகளின் கலியாணம் என்று எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நம்முடைய வருசப்பிறப்பும் வங்காளிகளின் வருசப்பிறப்பும் ஒரே நாளில் வந்து தொலைக்கும். காலையில் கோயிலில் நாதஸ்வரம் முழங்கிய அதே பெட்டிகள் மாலையில் கால்சாவில், பியாட்சா மஜோனே திடலில், அங்குரிக்கு முழங்கும். அருமையாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டிகள் அவள் வாய்க்கு உழைப்பதுதான் அவருக்குப் பொறுக்காது.

பகை தொடங்கியது எக்கோவில். தவராசாவுக்கு எக்கோ என்றால் உயிர். யார் பாடினாலும், பேசினாலும், ஏன், காணாமல் போன பிள்ளையைப் பற்றி அறிவித்தாலும்கூட, குரல் நாலு தரம் திரும்பி வர வேண்டும். தமிழ்ப் பாடகர்கள் அதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அங்குரி முதல் தரம் அவருடைய மைக்கில் பாடிய அன்று, பாதிப் பாட்டில் மேடையைவிட்டு இறங்கி நேரே அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசைக்கு வந்தாள். சந்தையில் பழகிய இத்தாலிய மொழியில், ஊரே கேட்கச் சொன்னாள்:

"இந்த எதிரொலியை எடு. நான் கிணற்றுக்குள் விழுந்து கிடந்து பாடவில்லை."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. தவராசா அவளுக்கென்று எக்கோவை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பாடி முடித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் இந்த இழுபறி நடந்தது. அவள் குறைக்கச் சொல்வாள், இவர் கூட்டுவார்.

அவளுடைய வாழ்க்கைக் கதையை அவர் விரும்பிக் கேட்டவரல்ல. அது வீட்டுக்குள் தானாக வந்து சேர்ந்தது. தவராசாவின் மனைவி ஞானம்பிகையும் அங்குரியும் கால்சாவில், பழைய மாளிகை ஒன்றைப் புதுக்கி நடத்தும் ஹோட்டலில், ஒரே மாடியில் அறை துப்புரவாக்குகிறவர்கள். கட்டில் விரிப்பின் இந்த முனையை ஒருத்தி பிடித்தால் அந்த முனையை மற்றவள் பிடிப்பாள். விரிப்பை உதறி மடித்துச் செருகி முடிப்பதற்குள் எவ்வளவோ பேசிவிடலாம். ஞானம்பிகை அவளிடமிருந்து வங்காள மொழியும் ஓரளவு பழகிக்கொண்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு அங்குரி என்ன சொன்னவள் தெரியுமோ?" என்று தொடங்குவாள். தவராசா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அவள் தன் குரலைக் கூட்டுவாள்.

அப்படி வந்து சேர்ந்த கதை இது. டாக்காவுக்கு மேற்கே மானிக்கஞ்ச் பக்கம் அவளுடைய ஊர். தகப்பன் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கோரஸ் பாடுகிறவன். ஆயுள் முழுக்க மற்றவர்கள் பாடிய அடியைத் திரும்பப் பாடியே செத்தவன். அங்கே பாலாகான் என்று ஒரு போட்டிப் பாட்டு உண்டு. நம்முடைய லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் மோதுவார்களே, அதுபோல. ஆணா பெண்ணா, ஆறா கரையா என்று ஒரு பொருளை எடுத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் கிழிக்க வேண்டும். எதிராளியின் மூக்கு, நடை, மாமியார், கடைசியாகச் சாப்பிட்டது எல்லாமே பாட்டில் வரும். எதிராளி இல்லாமல் இந்தப் பாட்டே இல்லை. தனியாக நின்று பாடினால் அது வெறும் பாட்டு. அதற்கு அங்கே மதிப்புக் கிடையாது.

மீசை முளைக்காத பையன்களே மேடையேறத் தயங்கும் வயதில் அங்குரி ஏறினாள். ஊரில் பேர்பெற்ற ஒரு கிழவன் அவளுக்கு எதிராளி. சீட்டில் அவளுக்கு ஆண் பக்கம் விழுந்தது. ஆணுக்காக வாதாடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஆண்கள் வீட்டில் செய்யும் ஒவ்வொன்றையும் புகழ்ந்து புகழ்ந்தே நாறடித்தாள். கிழவன் இனிமேல் பெண்பிள்ளையோடு மேடையேற மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். சனம் அன்றைக்கே அவளைப் பயாதி என்று கூப்பிட்டது. பயாதி என்பது போட்டிப் பாட்டுக்காரருக்கு அந்த ஊர் தரும் பட்டம்.

முத்தலிப் அவளைக் கட்டிக்கொண்டது அந்தப் பாட்டைக் கேட்டுத்தான். பலேர்மோவில் வேலை, தங்குவதற்குப் பெர்மெஸ்ஸோ எல்லாம் இருக்கிறது, அங்கே நீ எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். வந்து இறங்கிய பிறகு, அது ஊரில், இங்கே நாலு பேர் முன்னால் எனக்கு மானம் இருக்கிறது என்றான். ஊரில் இல்லாத மானம் சிலருக்கு விமானம் ஏறியதும் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. அங்குரி சில வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்த ஒரு சிஞ்ஞோராக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போது அவளுக்கு. குளிப்பாட்டும்போது கிழவி சிசிலி பாஷையில் வண்டை வண்டையாகத் திட்டுவாள். அங்குரி அந்த வசவையே மெட்டுப் போட்டுத் திருப்பிப் பாடுவாள். கிழவி சாகும்வரை அங்குரிக்குக் கிடைத்த ஒரே எதிராளி அவள்தான்.

பிறகு மஞ்சள் பூசும் சடங்குகளில் பெண்கள் மட்டும் இருக்கும் அறைகளில் பாடத் தொடங்கினாள். அறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். கூடத்திலிருந்து மேடைக்கு வந்தாள். மேடைக்கு வந்த அன்று முத்தலிப் வீட்டில் பேச்சை நிறுத்தினான். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பேசாத மனிதனோடு சண்டை பிடிக்க முடியாது, அதுதான் அவனில் பிழை" என்று ஞானம்பிகையிடம் சொன்னாளாம். அவன் கடைசியில் வடக்கே, கப்பல் கட்டும் ஊரொன்றுக்கு வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவர்களுடைய ஒரே மகள் பாதி நாள் இங்கேயும் பாதி நாள் தகப்பனிடமும் வளர்ந்தாள். அவளுக்குத் தாயின் பாட்டு என்றால் வெட்கம்.

மேடையில் அங்குரிக்கு வாய்த்த எதிராளி ஹாரிஸ் தேவான். கபோச் சந்தையில் மீன்கடையில் நிற்பவன். சிசிலி மீன்காரர்கள் கூவி விற்கும் அந்தக் கூவலை அப்படியே வங்காளப் பாட்டுக்குள் கொண்டுவந்து போடுவான், சனம் கூத்தாடும். அங்குரி அதே கூவலில் அவனையே அழுகின மீனாக்கி விற்றுவிடுவாள். செதிலோடு மேடைக்கு வருகிறவன் என்பாள். கக்கூஸ் கழுவுகிற கையால் மைக்கைத் தொடாதே என்பான். மேடைக்கு வெளியேயும் இரண்டு பேரும் முகம்கொடுத்துப் பேசியதில்லை. ஒருவர் வருகிற தெருவில் மற்றவர் போகமாட்டார். ஆனால் அவர்கள் மோதினால் திடல் கொள்ளாது. பலேர்மோவின் வங்காளிகள் சமையலைப் பாதியில் அணைத்துவிட்டு வருவார்கள்.

தவராசாவுக்கு இந்தக் கூட்டமும் பிடிக்காது. ஒரு சொல்லும் விளங்காமல், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பச்சை விளக்குகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மஞ்சள் தாண்டினால் குறைப்பார். அவ்வளவுதான் அவருக்கும் அந்தப் பாட்டுக்கும் இருந்த உறவு.

எக்கோச் சண்டை வெறும் எரிச்சல். அது பகையாக முற்றியது ஒரு கலியாணத்தில்.

மாப்பிள்ளை வீட்டார் வடக்கிலிருந்து வந்தவர்கள். மண்டபம் பலேர்மோவில். மாப்பிள்ளையின் தமையன் தவராசாவிடம் கண்டிப்பாகச் சொன்னான்: லாப்டொப்பில் இருக்கும் பாட்டுகள் மட்டும்தான், மைக் யாருக்கும் கிடையாது, முக்கியமாக அந்தப் பாட்டுக்காரிக்கு. தவராசாவுக்கு இப்படி ஒரு கட்டளை கிடைத்ததே சந்தோசம். பெண் யார், பிள்ளை யார் என்று அவர் ஒரு கலியாணத்திலும் விசாரித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் அங்குரி பட்டுப்புடவையோடு மேசைக்கு வந்தாள். வழக்கமான திமிர் முகத்தில் இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு பாட்டு. சின்னப் பாட்டு."

"மைக் கொடுக்க ஓடர் இல்லை," என்றார் தவராசா.

"எதிரொலி எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள். ஒன்றும் சொல்லமாட்டேன்."

"ஓடர் இல்லையென்றால் இல்லை. போய்ச் சாப்பிடு."

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து, சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கி, வயரோடு தரையில் எறிந்துவிட்டு, சாப்பிடாமல் மண்டபத்தைவிட்டு வெளியேறினாள். பாட்டு அறுந்து மண்டபம் வாயடைத்துப் போனது. மாப்பிள்ளை வீட்டார் அவளை விட்டுவிட்டுத் தவராசாவைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை தெரியாதவன், வயர் பூட்டத் தெரியாதவன் என்று அத்தனை பேர் முன்னால் கிழித்தார்கள். அவருடைய வாழ்க்கையில் அவருடைய பெட்டி பாதியில் சத்தம் நின்று போனது அன்று ஒருநாள்தான். அந்த வருடம் முழுக்க ஒரு வங்காளிக் கலியாணமும் அவரைத் தேடி வரவில்லை.

அடுத்த நாள் ஞானம்பிகை வேலை முடிந்து வந்து சொன்னாள்.

"பொம்பிளை ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு? அங்குரியின்ரை மகள். எனக்கே இண்டைக்குத்தான் சொன்னவள்."

தவராசா டிவியை அணைத்தார். பிறகு வெடித்தார்.

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! ஊரெல்லாம் கிழியக் கிழியக் கதைக்கிற வாய்தானே?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் தாயெண்டு சொல்லிக்கொள்ளக் கூடாதெண்டு சொன்னவையாம். பின்னுக்கு இருத்திப் போட்டினம்."

"அதுக்கு நானே கிடைச்சன்? என்ரை பிளக்கையே பிடுங்கவேணும்?"

உள்ளுக்குள் அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஆட்கள் அதைக் கோபமாக்கிக்கொள்வார்கள். தவராசா அந்த ரகம். அதன் பிறகு அங்குரியின் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். ஞானம்பிகை அதற்கும் தலையாட்டிவிட்டு, தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஹாரிஸ் தேவானுக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்தது. கிடைத்த கையோடு குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டிவிட்டான். அங்குரியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மீன்கடையில் வேறொருவன் நின்று கூவுவதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. அன்று ஹோட்டலில் அறை அறையாக அவனைத் திட்டித் தீர்த்தாளாம். அவ்வளவு திட்டையும் கேட்க அவன் அங்கே இல்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வங்காளிச் சங்கத்தார் எப்போது இப்படி நடக்கும் என்று காத்திருந்தவர்கள். அவளுடைய பாட்டில் அடிபடாத ஆள் அந்தச் சங்கத்தில் இல்லை. காரியதரிசியின் தொந்தியும், தலைவர் சங்கக் கூட்டத்தில் தூங்கிய கதையும் திடலுக்கே தெரியும். எதிராளி இல்லாமல் போட்டிப் பாட்டு எப்படி என்று கேட்டு, வருசப்பிறப்பு மேடையில் அவளுடைய நேரத்தைப் பிடுங்கி, சினிமாப் பாட்டுப் போடும் ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு பாட்டு, அதுவும் சாப்பாட்டு நேரத்தில். ஒருவருடம் அதையும் பாடினாள். பிரியாணி வாங்க வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் பாடினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருசப்பிறப்புக்கு முன் அவள் காரியதரிசியிடம் போய், எனக்கு என் முழு நேரமும் வேண்டும் என்று கேட்டாள். எதிராளியைக் கொண்டுவா, தருகிறோம். கொண்டுவராவிட்டால் இதோடு மேடைக்கு வராதே என்றான் அவன். பலேர்மோவில் அவளுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பாடத் தெரிந்த ஆண்களுக்குப் பெண்ணிடம் அடிபட மனமில்லை. பெண்களை வீட்டார் விடமாட்டார்கள். அந்த ஒரு மேடையும் போனால் அங்குரிக்கு வேறு மேடை இல்லை. மகள் வீட்டுப் படியும் ஏற முடியாது, ஊரிலும் ஆள் இல்லை. வாளியும் துடைப்பமும்தான் மிச்சம்.

"எதிராளி கிடைத்துவிட்டான். மேடையில் பார்," என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

அன்று ஆப்பிரிக்கா பக்கமிருந்து சூட்டுக்காற்று மண்ணை வாரி அடித்தது. தவராசா காலையில் கோயில் வேலையை முடித்து, வாயில் மண்ணோடும் மனதில் எரிச்சலோடும் பியாட்சா மஜோனேக்கு வந்து பெட்டிகளை இறக்கினார். ஞானம்பிகை கோயில் பொங்கலை டப்பாவில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இந்த விழாவுக்கு வருவதே அபூர்வம். ஏன் வந்தாள் என்று அவர் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

அங்குரி மேடையில் தனியாக வந்து நின்றாள். மேளக்காரனும் ஆர்மோனியக்காரனும் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த காரியதரிசி எழுந்து, எங்கே உன் எதிராளி என்று கையை விரித்தான். அங்குரி மெதுவாகக் கையை நீட்டினாள். திடல் முழுவதும் அந்த விரல் போன பக்கம் திரும்பியது. விரல் மிக்ஸர் மேசையில் வந்து நின்றது.

"என்னவாம்?" என்றார் தவராசா.

"ஒண்டுமில்லை. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ," என்றாள் ஞானம்பிகை.

அங்குரி பொருளை அறிவித்தாள்: தொண்டை பெரிதா, பெட்டி பெரிதா. நான் தொண்டை, அவன் பெட்டி. பிறகு பாடத் தொடங்கினாள். தவராசாவுக்கு விளங்கியதெல்லாம் தன்னுடைய பெயர் மட்டும்தான். அது பாட்டில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தரம் வரும்போதும் சனம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். குறட்டை விட்டுக் காட்டினாள். வயரைச் சுருட்டுவதுபோல் கையைச் சுழற்றி, அதிலேயே கால் தடுக்கி விழுவதுபோல் நடித்தாள். சின்னப் பிள்ளைகள் அவருடைய மேசையைச் சுற்றி வந்து நின்று, அவருடைய வயிற்றைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஞானம்பிகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தவராசாவுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. எட்டி மிக்ஸரில் அவளுடைய மைக்கின் சத்தத்தை ஒரே இழுப்பில் அடியோடு இறக்கினார்.

குரல் நின்றது. திடல் ஒரு நொடி திகைத்தது. பிறகு எழுந்தது ஆரவாரம். தவராசா பயந்தே போனார். அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தார். ஒரு தாடிக்காரன் பாய்ந்து வந்து அவருடைய தோளில் அறைந்து, "பிராவோ!" என்று கத்தினான். சனத்துக்கு அது மறுமொழி. பெட்டி இல்லாவிட்டால் உன் தொண்டை யாருக்குக் கேட்கும் என்று பெட்டிக்காரன் ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுவிட்டான். இப்படி ஒரு அடியை ஹாரிஸ் தேவான்கூடக் கொடுத்ததில்லை.

அங்குரி மைக்கைத் தரையில் வைத்தாள். மேடையின் விளிம்புக்கு வந்து, வெறும் தொண்டையில் எடுத்தாள். காற்றுக்கு எதிரே, அவ்வளவு பெரிய திறந்த திடலில். பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பிரியாணி வரிசை கலைந்தது. தவராசா மிக்ஸரைப் பார்த்தார். ஒரு பச்சை விளக்கும் எரியவில்லை. குரல் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. காலையில் கோயிலில் போட்ட நாதஸ்வரமும் தவிலும் லாப்டொப்பில் அப்படியே இருந்தன. அவளை அமுக்கிவிட வேண்டும் என்று அதை முழுச் சத்தத்தில் தட்டிவிட்டார். தவில் இடியாக விழுந்தது. மேளக்காரன் அதைக் காதில் வாங்கி அந்தத் தாளத்திலேயே அடிக்கத் தொடங்கினான். அங்குரி அதற்கு மேலே ஏறிப் பாடினாள். சனம் எழுந்து ஆடியது. இவர் சத்தத்தை நிறுத்தினால் அதற்கும் கைதட்டு, எக்கோவைத் திருகினால் அதற்கும் கைதட்டு. அவளைக் கெடுக்க இவர் செய்த ஒவ்வொன்றும் பாட்டாகிக்கொண்டு போனது. கோபத்தில் இவரும் விடவில்லை.

கடைசியில் அங்குரி பாட்டை நிறுத்தி, மேடையைவிட்டு இறங்கி, சனத்தைப் பிளந்துகொண்டு மேசைக்கு வந்தாள். வேர்வையில் புடவை தோளோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். திடல் அமைதியாகிவிட்டது.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ," என்றாள் ஞானம்பிகை. "இது அவையளின்ரை வழக்கம். பாடி முடிஞ்சா ரெண்டு பேரும் கையைப் பிடிச்சு, ஒருத்தரிட்டை ஒருத்தர் பிழை பொறுக்கச் சொல்லவேணும். அப்பத்தான் பாட்டு முடிஞ்ச கணக்கு."

"நான் ஆரோடையும் பாடேல்லை."

"சனம் பாக்குதப்பா."

"பாக்கட்டும். மாட்டன்."

அங்குரி இத்தாலிய மொழியில் மெதுவாகச் சொன்னாள். "அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கியதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்." அவளுடைய கண் கலங்கியிருந்தது. அவள் நடிக்கவில்லை என்று தவராசாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

நீட்டிய கைகளோடு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அடிபட்டவள் போலத்தான் நின்றாள். பிறகு கைகளை இறக்கி, சனத்தின் பக்கம் திரும்பி, உரத்து ஏதோ சொன்னாள். திடல் மறுபடியும் கத்தியது.

"என்னவாம்?"

"முடியேல்லையாம். பிழை பொறுக்கச் சொல்லாமல் பாட்டு முடியாதாம். வாற வருசம் இதே இடத்திலை, இதே ரெண்டு பேராம்."

காரியதரிசிக்கு முகம் கறுத்துவிட்டது. சனத்தின் சத்தத்துக்குள் அவனும் கத்தினான்: தமிழன் வந்தால் பார்ப்போம், வரமாட்டான், அவன் வராவிட்டால் உனக்கும் மேடை இல்லை. அதையும் ஞானம்பிகை சொன்னாள். தவராசாவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இனி அவளைத் தொலைப்பதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா வீட்டில் இருந்தால் போதும்.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தவர், அவ்வளவு வருடத்தில் முதல் தரம், தானாகவே கேட்டார்.

"நேற்று என்ன பாடினவள்? ஒண்டும் விடாமல் சொல்லு."

ஞானம்பிகை சொன்னாள். வயிறு ஒரு ஸ்பீக்கர், ஆனால் அதில் வருவது சோற்றுச் சத்தம் மட்டும். பழுதான மைக் ஒன்றையும் எறியமாட்டான். செத்த மைக்குகளுக்குக் கட்டிலுக்கு அடியில் சுடுகாடு வைத்திருக்கிறான். குறட்டைக்கும் எக்கோ போட்டிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் தவராசா மேசையில் குத்தி, அதற்குத் தான் என்ன சொல்லியிருப்பேன் என்று பொரிந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"கட்டிலுக்குக் கீழை இருக்கிறது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னனான். கட்டில் விரிக்கேக்கை கதை வந்தது. உங்களை எதிராளியா எடுக்கட்டோ எண்டு கேட்டவள். எடு எண்டனான்."

"நீயெல்லாம் ஒரு மனிசியோ?"

"ஆனா கடைசி அடி நான் குடுத்ததில்லை. அது அவளின்ரை."

"அதென்ன?"

"என்ரை மகளின்ரை கலியாணத்திலை என்ரை தொண்டையை நெரிச்ச மனிசன், நான் என்ன பாட்டுப் பாட வந்தனான் எண்டு இண்டுவரைக்கும் கேக்கேல்லையாம்."

தவராசா கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். மேசையில் குத்தவில்லை.  தேத்தண்ணி ஆறிப்போனது.

"என்ன பாட்டாம்?" என்றார் கடைசியில்.

"எனக்கும் சொல்லமாட்டாளாம். வேணுமெண்டா எதிராளி மேடையிலை வைச்சுக் கேக்கட்டாம்."

"விசரி. திமிர் பிடிச்ச விசரி." தவராசா பல்லைக் கடித்தார். "கேக்கிறன். வாற வருசம் அவளை அந்தச் சனத்துக்கு முன்னாலை வைச்சே கேக்கிறன், பாரன்."

ஞானம்பிகை ஹோட்டலுக்குப் போய், முதல் அறையில், விரிப்பின் தன் முனையைப் பிடித்தபடியே அதை அங்குரியிடம் சொன்னாள். அங்குரி தன் முனையைக் கட்டிலில் போட்டுவிட்டு, காரியதரிசிக்கு ஃபோன் எடுத்து, "தமிழன் வருகிறான், என் நேரத்தை எழுதி வை," என்றாள்.